மின்இணைப்பில்லாத முகாமில் நான்கு நாள்: மோட்டார்ஹோம் பேட்டரி பற்றி வாசகர் கேள்விகள்

ஆஸ்திரேலியாவில் மோட்டார்ஹோமில் ஊர் சுற்றும் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பேட்டரியைப் பற்றியவை. ஆகவே இந்த முறை அந்த ஒரு பொருளுக்கே பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஐயா, பணி ஓய்வுக்குப் பிறகு நானும் என் மனைவியும் பழைய மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கினோம். அதில் 100 ஆம்பியர் மணி ஏஜிஎம் (மூடி அடைக்கப்பட்ட ஈய-அமில வகை) பேட்டரி ஒன்றும், கூரையில் 160 வாட் சோலார் பேனலும் உள்ளன. ஜூன் மாதத்தில் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரில், மின்இணைப்பு இல்லாத இடத்தில் தங்கியபோது இரண்டாம் நாள் இரவே குளிர்பெட்டி நின்றுவிட்டது. உறக்கத்தில் மூச்சு தடைபடாதிருக்க நான் பயன்படுத்தும் சிபாப் கருவியும் நின்றுபோனது. நான்கு நாள் தங்க வேண்டுமானால் எத்தனை பேட்டரி சேர்க்க வேண்டும்?
— மெல்பர்ன் வாசகர்

பதில்: பேட்டரியின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பதற்கு முன், ஒரு நாளைக்கு நீங்கள் எவ்வளவு எடுக்கிறீர்கள், எவ்வளவு திரும்பப் போடுகிறீர்கள் என்ற இரண்டையும் தாளில் எழுதிப் பாருங்கள். பேட்டரி மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பாத்திரமே தவிர, அதை உண்டாக்கும் ஊற்று அன்று. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். சட்டியைப் பெரிதாக்கிவிட்டு அதில் ஊற்றுவதைக் கூட்டாமல் விட்டால், வெறுமையாகும் நாள் சற்றுத் தள்ளிப்போகுமே ஒழிய வராமல் போகாது.

உங்கள் கடிதத்தில் கண்ட கருவிகளோடு, முகாமில் வழக்கமாக ஓடும் மற்றவற்றையும் சேர்த்து நான் கணக்கிட்டேன். 12 வோல்ட் கம்ப்ரஸர் குளிர்பெட்டிக்கு நாளொன்றுக்குச் சுமார் 40 ஆம்பியர் மணி, சிபாப் கருவிக்கு 18, கைபேசிகளுக்கும் மடிக்கணினிக்கும் 14, டீசல் ஹீட்டரின் விசிறிக்கும் பம்புக்கும் 12, எல்இடி விளக்குகளுக்கு 4, தண்ணீர் பம்புக்கு 2 என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 90 ஆகிறது. ஏஜிஎம் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் விரைவாகக் குறைந்துவிடும் என்பதால், உங்கள் 100 ஆம்பியர் மணியில் உண்மையில் உங்கள் கையில் இருப்பது 50 மட்டுமே. அதைத் தாண்டி நீங்கள் எடுத்திருக்கிறீர்கள். அந்தப் பேட்டரி இப்போது தன் பழைய கொள்ளளவைத் தருமா என்பதையும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

வரவு எவ்வளவு? ஜூன் மாதத்தில் அந்தப் பகுதியில், கூரையில் படுக்கையாகக் கிடக்கும் பேனலுக்கு நாளொன்றுக்குச் சுமார் 3 மணி நேர முழு வெயிலுக்கு இணையான ஒளி கிடைக்கும். வெப்பம், தூசி, கம்பி ஆகியவற்றால் ஏற்படும் இழப்புக்கு 30 விழுக்காட்டைக் கழித்தால், 160 வாட் பேனல் ஏறத்தாழ 336 வாட் மணி, அதாவது 26 ஆம்பியர் மணி தரும். செலவு 90, வரவு 26. ஆகவே ஒவ்வொரு நாளும் 64 பற்றாக்குறை.

இனி இரண்டு வழிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 200 ஆம்பியர் மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 80 விழுக்காடு, அதாவது 160 ஆம்பியர் மணியைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். பழைய பேனலை அப்படியே வைத்துக்கொண்டு இந்தப் பேட்டரியை மட்டும் மாற்றினால் இரண்டரை நாள் தாங்கும். அதையே 400 ஆக்கினால் ஐந்து நாள். ஆனால் பேட்டரியை 200-இல் நிறுத்திக்கொண்டு, பேனலை மொத்தம் 400 வாட்டாக உயர்த்தினால், வரவு நாளொன்றுக்கு 65 ஆகி, பற்றாக்குறை 25 ஆகச் சுருங்கி, ஆறு நாளுக்கு மேல் தங்க முடியும். இதனால்தான் கூரையில் இடம் இருக்கும்வரை பேனலுக்கு முதலில் பணம் செலவிடுங்கள் என்று நான் வற்புறுத்துகிறேன். கூரையில் இடம் போதாவிட்டால், மடித்து எடுத்துச் செல்லும் பேனலைத் தரையில் சாய்த்து வைக்கலாம். குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாகச் செல்வதால், சாய்த்த பேனல் படுக்கையாகக் கிடப்பதைவிடக் கணிசமாகக் கூடுதலாகத் தரும். தமிழ்நாட்டில் தெற்கு நோக்கிப் பேனல் வைத்துப் பழகியவர்கள், இங்கே அதை வடக்கு நோக்கித் திருப்ப வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். மெல்பர்னிலேயே ஜூனில் முகாமிட்டால், மேலே சொன்ன 3 மணி நேரம் 2-க்கும் கீழே இறங்கிவிடும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிபாப் கருவியைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இன்வெர்ட்டர் வழியாக 240 வோல்ட்டாக மாற்றி அதை இயக்காமல், அதற்கென்று விற்கப்படும் நேர்மின்னோட்ட அடாப்டரை வாங்கி 12 வோல்ட்டிலிருந்தே இயக்குங்கள். அதன் ஈரப்பதமூட்டியின் சூடேற்றும் பகுதி, கருவியைக் காட்டிலும் அதிகமாக மின்சாரம் தின்னக்கூடியது. அதை நிறுத்திவைக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டு, முதலில் வீட்டிலேயே சில இரவுகள் பழகிப் பாருங்கள். மூச்சு சம்பந்தப்பட்டது என்பதால், அந்தக் கருவிக்கென்று ஒரு சிறிய தனி பேட்டரியும் வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: என்னிடம் மூன்று ஆண்டு பழைய 120 ஆம்பியர் மணி ஏஜிஎம் பேட்டரி உள்ளது. அதை எறிய மனமில்லை. புதிய லித்தியம் பேட்டரியை அதனோடு இணையாகக் கோத்துவிடலாமா?
— பிரிஸ்பேன் வாசகர்

பதில்: வேண்டாம். நிறைந்த ஏஜிஎம் பேட்டரி ஓய்வில் 12.8 வோல்ட் அளவில் நிற்கும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியோ தன் கொள்ளளவின் பெரும்பகுதிக்கு 13 வோல்ட்டுக்கு மேலேயே இருக்கும். ஆகவே முதலில் லித்தியம் மட்டுமே உழைக்கும். பழையது சும்மா இருப்பதோடு, புதியதிடமிருந்து சிறிது சிறிதாக மின்சாரத்தை வாங்கிக்கொண்டும் இருக்கும். இரண்டுக்கும் ஏற்ற சார்ஜிங் முறையும் ஒன்றல்ல. ஏஜிஎம்மோடு ஏஜிஎம்மைச் சேர்ப்பதானாலும்கூட, ஒரே வகை, ஒரே அளவு, ஒரே வயதுடையவற்றையே சேர்க்க வேண்டும். இல்லையேல் கிழது இளையதையும் தன் நிலைக்கு இழுத்துவிடும். பழைய பேட்டரியைத் தனிப் பெட்டியில் வைத்து முகாம் விளக்குக்குப் பயன்படுத்துங்கள். அதன் காலம் முடிந்ததும் மறுசுழற்சிக்குக் கொடுத்துவிடுங்கள்.

ஒரே வகைப் பேட்டரிகளை இணையாகக் கோப்பவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஒன்று. எனது முதல் வண்டியில் இரண்டு ஏஜிஎம் பேட்டரிகளைக் கோத்தபோது, நேர்முனைக் கம்பி, எதிர்முனைக் கம்பி இரண்டையும் ஒரே பேட்டரியிலிருந்து எடுத்துவிட்டேன். அந்தப் பேட்டரியே சுமையில் பெரும்பங்கைச் சுமந்து, இரண்டு ஆண்டுகளில் தளர்ந்துபோனது. மற்றொன்று நல்ல நிலையில் இருந்தது. நேர்முனைக் கம்பியை முதல் பேட்டரியிலிருந்தும் எதிர்முனைக் கம்பியைக் கடைசிப் பேட்டரியிலிருந்தும் குறுக்காக எடுத்து, இடைக் கம்பிகளை ஒரே நீளத்திலும் தடிமனிலும் வெட்டியிருந்தால் இது நேர்ந்திருக்காது.

கேள்வி: ஏஜிஎம் பேட்டரிக்குப் பதிலாக 200 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரியை நானே பொருத்தினேன். எஞ்சினிலிருந்து சார்ஜ் ஏற்றும் பழைய ரிலேயை மாற்றவில்லை. நீண்ட பயணத்தில் ஆல்டர்னேட்டர் (எஞ்சினோடு சுழன்று மின்சாரம் உண்டாக்கும் கருவி) கடுமையாகச் சூடாகிறது. காரணம் என்ன?
— பெர்த் வாசகர்

பதில்: ரிலேயை உடனே கழற்றிவிட்டு, பேட்டரிக்கும் ஆல்டர்னேட்டருக்கும் நடுவே ஒரு டிசி-டிசி சார்ஜரை வைக்கும்வரை எஞ்சின் வழியாகச் சார்ஜ் ஏற்றாதீர்கள். ஏஜிஎம் பேட்டரி நிறைய நிறையத் தானாகவே குறைவாக வாங்கும். லித்தியம் பேட்டரியின் உள்தடை மிகக் குறைவு என்பதால், ஏறத்தாழ நிறையும்வரை கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொண்டே இருக்கும். ஆல்டர்னேட்டர் தன் உச்ச அளவில் மணிக்கணக்காக ஓடுவதற்கென்று வடிவமைக்கப்பட்டதன்று. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது அதன் விசிறியும் மெதுவாகச் சுழல்வதால் நிலைமை மேலும் மோசமாகிறது. அது மட்டுமன்று, லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று திடீரென்று இணைப்பைத் துண்டித்தால், அந்த நொடியில் எழும் மின்னழுத்தம் ஆல்டர்னேட்டரின் டயோடுகளைப் பழுதாக்கக்கூடும்.

டிசி-டிசி சார்ஜர், எடுக்கும் மின்னோட்டத்தை ஒரு வரம்புக்குள் நிறுத்துகிறது; லித்தியத்துக்குத் தேவையான 14.2 முதல் 14.6 வோல்ட் வரையிலான அழுத்தத்தையும் தருகிறது. யூரோ 6 என்னும் ஐரோப்பியப் புகை உமிழ்வுத் தர எஞ்சின்களில் உள்ள ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர், எஞ்சின் பேட்டரி நிறைந்ததும் அழுத்தத்தைத் தானே தாழ்த்திவிடும் என்பதால், அத்தகைய வண்டிகளில் இந்தச் சார்ஜர் இல்லாமல் உள்பேட்டரி நிறையவே நிறையாது. 40 ஆம்பியர் சார்ஜர் இருந்தால், மூன்று மணி நேரப் பயணத்தில் சுமார் 120 ஆம்பியர் மணி ஏறும்; முகாம் மாறிச் செல்லும் நாளில் இது பெரிய வரவு.

கேள்வி: லித்தியம் பேட்டரிகள் தீப்பிடிப்பதாகச் செய்திகளில் படிக்கிறோம். படுக்கைக்கு அடியில் அவற்றை வைத்துக்கொண்டு உறங்கலாமா?
— சிட்னி வாசகி

பதில்: அம்மா, உங்கள் அச்சம் நியாயமானதே. ஆனால் லித்தியம் பேட்டரிகள் எல்லாம் ஒரே வகை அல்ல. மின் ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் நிக்கல், கோபால்ட் கலந்த வகைகள் உள்ளன; மோட்டார்ஹோமுக்கென்று விற்கப்படுபவை பெரும்பாலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. பாஸ்பேட்டில் ஆக்சிஜன் பாஸ்பரஸோடு இறுகப் பிணைந்திருப்பதால், சூடேறினாலும் அது எளிதில் வெளியேறித் தீயை வளர்ப்பதில்லை. இந்த வகை, அமெரிக்க விஞ்ஞானி ஜான் குடினஃபின் ஆய்வுக்குழு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்து 1997-இல் வெளியிட்டது. அதற்கு முன்னரே, 1980-களின் பிற்பகுதியில், பாஸ்பேட்டைப் போன்ற பல்லணு அயனிச் சேர்மங்களைக் குடினஃபோடு சேர்ந்து ஆராய்ந்தவர், தமிழ்நாட்டில் பிறந்து மதுரையிலும் சென்னை ஐஐடியிலும் பயின்ற ஆறுமுகம் மந்திரம். 2019-இல் வேதியியல் நோபல் பரிசை மற்ற இருவரோடு பகிர்ந்துகொண்ட குடினஃபின் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியவரும் அவரே. உங்கள் கட்டிலுக்கடியில் இருக்கும் பெட்டியில் ஒரு தமிழரின் உழைப்பும் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

வேதிப்பொருள் பாதுகாப்பானது என்பதற்காகப் பொருத்துவதில் அலட்சியம் கூடாது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வழங்கும் ஏஎஸ்/என்இசட்எஸ் 3001.2:2022 தரநிலையின்படி, புதிதாகப் பொருத்தும் லித்தியம் பேட்டரியை மனிதர் புழங்கும் பகுதிக்குள் திறந்தவாறு வைக்கக் கூடாது. வாழ்பகுதியிலிருந்து காற்றுப்புகாமல் அடைத்து, வெளிப்புறம் நோக்கிக் காற்றோட்டம் விட்ட பெட்டிக்குள் வைக்க வேண்டும். கட்டிலுக்கடியில் வைப்பதானால் அத்தகைய பெட்டி இல்லாமல் வைக்காதீர்கள். பேட்டரியின் நேர்முனைக்கு மிக அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். குறுக்குச்சுற்று ஏற்பட்டால் லித்தியம் பேட்டரிகள் ஆயிரக்கணக்கான ஆம்பியரைத் தள்ளிவிடும்; அவ்வளவு பெரிய ஓட்டத்தையும் அறுக்கும் திறனுள்ள கிளாஸ் டி (Class T) ஃபியூஸைத்தான் நான் பரிந்துரைப்பேன். நிலையாகப் பொருத்தும் 240 வோல்ட் வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடமே விட்டுவிடுங்கள். விக்டோரியாவின் மலைப்பகுதிகளில் குளிர்காலத்தில் தங்குபவர்கள், 0 பாகை செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் ஏறுவதைத் தானே தடுக்கும் பேட்டரியாகப் பார்த்து வாங்க வேண்டும். உறைகுளிரில் சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெட்டுவிடும்.

கேள்வி: முகாமிலும் சட்னி அரைக்க மிக்ஸியும், சமைக்க இண்டக்‌ஷன் அடுப்பும் வேண்டும் என்கிறார் என் துணைவியார். 100 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரி ஒன்று போதுமா?
— அடிலெய்டு வாசகர்

பதில்: மிக்ஸிக்குப் போதும். 750 வாட் மிக்ஸி பத்து நிமிடம் ஓடினால், இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்து 11 ஆம்பியர் மணிதான் செலவாகும். இண்டக்‌ஷன் அடுப்பு வேறு கதை. 1,800 வாட்டில் அரை மணி நேரம் சமைத்தாலே ஏறக்குறைய 80 ஆம்பியர் மணி போய்விடும். அதைவிட, 2,000 வாட் இன்வெர்ட்டர் முழுச் சுமையில் பேட்டரியிலிருந்து 170 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 100 ஆம்பியர் மணிப் பேட்டரிகள் பலவற்றின் பாதுகாப்புச் சுற்று 100 ஆம்பியரிலேயே அறுத்துவிடும். ஆகவே குறைந்தது இரண்டு பேட்டரிகளும், 70 சதுர மில்லிமீட்டர் தடிமனுள்ள குட்டையான கம்பிகளும் தேவைப்படும். கேஸ் அடுப்பில் சமைத்து, மிக்ஸிக்கு மட்டும் இன்வெர்ட்டர் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து. குளிர்பெட்டி கேஸ், 240 வோல்ட், 12 வோல்ட் மூன்றிலும் ஓடும் பழைய வகையாக இருந்தால், முகாமில் அதையும் கேஸிலேயே ஓட்டுங்கள். 12 வோல்ட்டில் அது இடைவிடாமல் 10 ஆம்பியருக்கு மேல் எடுக்கும்.

கேள்வி: லித்தியம் பேட்டரிக்கு மாறியபின், சுவரில் உள்ள வோல்ட் மீட்டர் மாலை முழுவதும் 13.2 காட்டுகிறது, பிறகு முன்னறிவிப்பின்றி எல்லாம் அணைந்துவிடுகிறது. மீட்டர் பழுதா?
— கான்பெரா வாசகர்

பதில்: மீட்டரில் குறையில்லை. இந்த வகைப் பேட்டரியின் அழுத்தம், முக்கால்பாகம் நிறைந்திருக்கும்போதும் பாதிக்குக் கீழே இறங்கும்போதும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். கடைசியில்தான் செங்குத்தாகச் சரியும். ஆகவே வோல்ட்டை வைத்து மிச்சத்தை அறிய இயலாது. உள்ளே போன ஆம்பியர் மணியையும் வெளியே வந்ததையும் எண்ணிக்கொண்டே இருக்கும் ஷன்ட் மானிட்டரைப் பொருத்துங்கள். பேட்டரியின் எதிர்முனையில் ஷன்ட்டுக்கு (அந்த மானிட்டரின், ஓட்டத்தை அளக்கும் பகுதிக்கு) செல்லும் கம்பியைத் தவிர வேறொன்றும் இருக்கக் கூடாது. சோலார் கன்ட்ரோலரின் எதிர்முனைக் கம்பியையோ, சேஸிஸ் (வண்டிச் சட்டகம்) இணைப்பையோ நேராகப் பேட்டரியில் மாட்டினால், அந்த ஓட்டம் கணக்கில் வராமல் போய்விடும். பொருத்தியதும் பேட்டரியை ஒருமுறை முழுவதும் நிரப்பி மானிட்டரை நூறு விழுக்காட்டில் நிறுத்துங்கள். அதன்பின் சில வாரங்களுக்கு ஒருமுறை வீட்டு மின்சாரத்தில் முழுவதும் நிரப்பிவந்தால், கணக்கில் சேரும் சிறு பிழைகள் தாமே நீங்கிவிடும்.