வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைப்பது: கேள்வி பதில்

பொதுத்துறை வங்கி ஒன்றின் கடன் பிரிவில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். வீட்டுக் கடனையும் அதோடு சேர்ந்து வரும் மற்றக் கடன்களையும் தவணைக் காலம் முடியும் முன்பே அடைக்க முயலும் குடும்பங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (தாம்பரம்): ஐயா, 30 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன் வாங்கி ஓராண்டு ஆகிறது. வட்டி 8.5 சதவீதம், காலம் 20 ஆண்டுகள். மூன்று லட்சத்துக்கு மேல் கட்டிவிட்டோம். கணக்கைப் பார்த்தால் அசல் குறைந்ததாகவே தெரியவில்லை. வங்கி ஏதேனும் தவறு செய்திருக்குமா?

பதில்: தவறு ஏதும் இல்லை. என் மேசைக்கு எதிரே அமர்ந்து மிக அதிகமானோர் கேட்ட கேள்வி இதுதான். உங்கள் மாதத் தவணை ஏறத்தாழ 26,035 ரூபாயாக இருக்கும். முதல் மாதம் 30 லட்சத்துக்கான வட்டி மட்டும் 21,250 ரூபாய். ஆகவே அந்தத் தவணையில் அசலுக்குப் போனது 4,785 ரூபாய்தான். ஓராண்டில் நீங்கள் கட்டிய 3,12,000 ரூபாய்ச் சொச்சத்தில் அசலில் கழிந்தது 60,000 ரூபாய்க்கும் சற்றுக் குறைவு. வட்டி எப்போதும் மீதமுள்ள அசலின் மீதே கணக்கிடப்படுவதால், அசல் மலைபோல் இருக்கும் தொடக்க ஆண்டுகளில் தவணையின் பெரும்பகுதியை வட்டி விழுங்கிவிடுகிறது.

இதே கணக்கு உங்களுக்குச் சாதகமாகவும் வேலை செய்யும். இப்போது, அதாவது ஓராண்டு முடிந்த நிலையில், கூடுதலாக ஒரு லட்சம் ரூபாயை அசலில் கட்டி, தவணைத் தொகையை மாற்றாமல் விட்டால் கடன் 18 மாதம் முன்னதாக முடியும். வட்டியில் மிச்சமாவது சுமார் 3,70,000 ரூபாய். அதே ஒரு லட்சத்தைப் பதினைந்தாம் ஆண்டின் முடிவில் கட்டினால் மிச்சமாவது சுமார் 50,000 ரூபாய் மட்டுமே. 'சம்பளம் உயரட்டும், பிறகு மொத்தமாகக் கட்டிக்கொள்ளலாம்' என்று காத்திருக்க வேண்டாம் என்று நான் வற்புறுத்திச் சொல்வதற்கு இந்த வேறுபாடே காரணம். இன்றைக்கு உங்களிடம் இருக்கும் பத்தாயிரம் ரூபாயும் பெரிய தொகைதான்.

கேள்வி (திருப்பூர்): மொத்தமாகக் கட்ட எங்களிடம் பணம் இல்லை. மாதம் 5,000 ரூபாய் கூடுதலாகக் கட்ட முடியும். அதனால் பயன் உண்டா?

பதில்: நிச்சயமாக உண்டு. மேலே சொன்ன 30 லட்சம் கடனையே எடுத்துக்கொள்வோம். தொடக்கத்திலிருந்தே மாதம் 5,000 ரூபாய் சேர்த்துக் கட்டினால் 20 ஆண்டுக் கடன் 13 ஆண்டு 8 மாதத்தில் முடிந்துவிடும். வட்டியில் பதினொன்றரை லட்சத்துக்கு மேல் மிச்சமாகும். அதுவும் இயலாதவர்கள், தீபாவளி போனஸ் வரும்போது ஆண்டுக்கு ஒரு தவணையை மட்டும் கூடுதலாகக் கட்டினாலும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் குறையும்.

ஆனால் கூடுதல் தொகையைக் கடன் கணக்கில் வெறுமனே செலுத்திவிட்டு வந்துவிடக் கூடாது. சில வங்கிகளில் அது முன்பணத் தவணையாக வரவு வைக்கப்பட்டு, அடுத்த மாதத் தவணைக்கே போய்விடும். வேறு சில இடங்களில் கால அளவை அப்படியே வைத்துக்கொண்டு தவணைத் தொகையைக் குறைத்துவிடுவார்கள். ஆகவே 'இத்தொகையை அசலில் கழிக்கவும், மாதத் தவணையை மாற்றாமல் கடன் காலத்தைக் குறைக்கவும்' என்று எழுத்து மூலம் கொடுங்கள். பத்து நாள் கழித்துத் திருத்தப்பட்ட தவணை அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நான் பணியிலிருந்தபோது ஒரு தையற்கூடத் தொழிலாளி இரண்டு ஆண்டுகளாகக் கட்டி வந்த கூடுதல் தொகை முழுவதும் இப்படி முன்பணமாகவே கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர் தினசரிக் காலண்டரிலிருந்து கிழித்த தாள்களின் பின்புறத்தில் ஒவ்வொரு மாதமும் கட்டியதைத் தேதியோடு எழுதி, ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டுவந்திருந்தார். தம் கணக்கைத் தாமே எழுதி வைத்திருந்ததால்தான் அவரால் அதைக் கண்டுபிடிக்க முடிந்தது.

கேள்வி (கரூர்): முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டு என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். உண்மையா?

பதில்: தனிநபர் பெயரில் உள்ள, மாறும் வட்டியிலான வீட்டுக் கடனுக்கு அபராதம் இல்லை. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி இதை 2012-இலேயே தடை செய்துவிட்டது. நிலையான வட்டியில் வாங்கிய கடனுக்கும், பெரும்பாலான தனிநபர் கடன்களுக்கும் கட்டணம் இருக்கக்கூடும் என்பதால் அவற்றின் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள்.

கேள்வி (சேலம்): 2021-இல் 6.75 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு 30 லட்சம் வாங்கினோம். தவணை ஒருநாள்கூடத் தவறியதில்லை. இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, மீதமுள்ள காலம் 20 ஆண்டுகளையும் தாண்டியிருந்தது. என் மனைவி அன்று இரவு முழுவதும் தூங்கவில்லை. இது எப்படி நடந்தது?

பதில்: உங்கள் மனைவியின் கலக்கம் எனக்குப் புரிகிறது. 2022 மே மாதத்துக்கும் 2023 பிப்ரவரிக்கும் இடையில் ரிசர்வ் வங்கி, தான் வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ வட்டியை 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்துக்கு உயர்த்தியது. 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் கொடுத்த மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் இத்தகைய வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டிருப்பதால், உங்கள் வட்டியும் கூடவே 9.25 சதவீதம் வரை ஏறியிருக்கும். அப்போது பெரும்பாலான வங்கிகள் தவணையை உயர்த்தாமல் காலத்தை நீட்டின. உங்கள் தவணை ஏறத்தாழ 22,811 ரூபாய். அந்த இரண்டு ஆண்டும் பழைய வட்டியே இருந்ததாக வைத்துக் கணக்கிட்டால், முடிவில் மீதமிருந்த அசல் சுமார் 28,48,000 ரூபாய். புதிய வட்டியில் அதற்கான ஒரு மாத வட்டியே 21,953 ரூபாய் ஆகிறது. அசலில் கழிந்தது மாதம் 858 ரூபாய்தான். அந்த வேகத்தில் போனால் மீதக் கடன் முடிய 35 ஆண்டுக்கு மேலாகும். பழைய 18 ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டுமானால் தவணை 27,116 ரூபாயாக உயர்ந்திருக்க வேண்டும்.

வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் சேர்த்துச் செய்வதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடன் வாங்கியவருக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் உத்தரவிட்டது. அந்த உரிமையைப் பயன்படுத்திக் கிளைக்குப் போய், உங்களால் தாங்க முடிந்த அளவுக்குத் தவணையை உயர்த்திக் கேளுங்கள். 2025-இல் ரெப்போ படிப்படியாகக் குறைந்து டிசம்பரில் 5.25 சதவீதத்துக்கு வந்தது. அந்தக் குறைப்பு உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏறியிருந்தால் அதைச் சாக்காக வைத்துத் தவணையைக் குறைத்துக்கொள்ள வேண்டாம். பழைய தவணையையே தொடர்ந்து கட்டினால் நீண்டுபோன ஆண்டுகள் தாமாகச் சுருங்கும்.

கேள்வி (சிவகாசி): எங்களுக்கு வீட்டுக் கடன், நகைக் கடன், கிரெடிட் கார்டில் 80,000 ரூபாய், கணவர் தெரிந்தவரிடம் மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கிய ஒரு லட்சம் எல்லாம் இருக்கின்றன. வீட்டுக் கடன்தான் பெரியது என்பதால் மிச்சமாகும் பணத்தை அதில் கட்டி வருகிறோம். செய்வது சரியா?

பதில்: அம்மா, உங்கள் உழைப்பு தவறான இடத்தில் போய்ச் சேர்கிறது. கடனின் அளவைப் பார்க்காமல் வட்டி விகிதத்தைப் பார்த்து வரிசைப்படுத்துங்கள். கார்டில் மாதம் 3.5 சதவீதம் என்றால் 80,000 ரூபாய்க்கு மாதம் 2,800 ரூபாய் வட்டி, அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 504 ரூபாய், ஆக 3,304 ரூபாய். அதே 80,000 ரூபாய் வீட்டுக் கடனில் இருந்தால் 8.5 சதவீதத்தில் மாத வட்டி 567 ரூபாய். நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டி என்று கேட்கும்போது சிறிதாகத் தோன்றினாலும் அது ஆண்டுக்கு 36 சதவீதம். ஆகவே முதலில் கார்டு, அடுத்து கைமாற்று வட்டிக் கடன், பிறகு நகைக் கடன், கடைசியாக வீட்டுக் கடன். கார்டு முடியும் வரை வீட்டுக் கடனுக்கு வழக்கமான தவணை மட்டும் போதும். கார்டில் 'குறைந்தபட்சத் தொகை' என்று காட்டுவதை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் கடன் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கும்.

நகைக் கடனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே போகும் குடும்பங்கள் ஏராளம். பெட்டகத்திலிருந்து ஒரே தாலிச் சங்கிலியை எடுத்து எடையிட்டு, அதே துணிப்பையில் போட்டுப் புதுச் சீட்டு கட்டி மறுபடியும் உள்ளே வைப்பதை ஆறு ஆண்டுகள் நான் என் கையாலேயே செய்திருக்கிறேன். அந்த அம்மாள் ஒவ்வொரு முறையும் பையைக் கட்டுவதற்கு முன் சங்கிலியை ஒரு தடவை கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் தருவார். அசலில் மாதம் ஆயிரம், இரண்டாயிரம் என்று பகுதியாகக் கட்டுவதைப் பெரும்பாலான வங்கிகள் ஏற்றுக்கொள்கின்றன என்பது பலருக்குத் தெரிவதில்லை. நகை மேலும் கடன் வாங்குவதற்கான ஈடாகிவிடும் முன் அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

கேள்வி (கோயம்புத்தூர்): வட்டிக்கு வருமான வரிச் சலுகை கிடைக்கிறதே, கடனை முன்கூட்டி அடைத்தால் அது போய்விடாதா?

பதில்: பழைய வரி முறையில், சொந்தக் குடியிருப்புக்கான வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை கழிவு உண்டு. புதிய முறையில் சொந்தக் குடியிருப்புக்கு அந்தக் கழிவு இல்லை. நீங்கள் 30 சதவீத வரம்பில் இருந்தாலும், நூறு ரூபாய் வட்டி கட்டினால் வரியில் மிச்சமாவது 31 ரூபாய் 20 காசு. மீதி 69 ரூபாய் கையை விட்டுப் போனது போனதுதான். வரிக்காகக் கடனைத் தக்கவைத்துக்கொள்வதை நான் யாருக்கும் பரிந்துரைத்ததில்லை.

கேள்வி (சென்னை): கூடுதல் பணத்தைக் கடனில் கட்டுவதைவிட மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போட்டால் அதிக லாபம் என்கிறார்களே? பிஎஃப் பணத்தை எடுத்துக் கடனை அடைக்கலாமா?

பதில்: 8.5 சதவீதக் கடனை அடைப்பது என்பது 8.5 சதவீத வருவாயை எந்தச் சந்தேகமும் வரியும் இல்லாமல் பெறுவதற்குச் சமம். பங்குச் சந்தை அதைவிட அதிகம் தரலாம், தராமலும் போகலாம். வயது முப்பதுக்குள் இருந்து, இருவரும் வேலையில் இருந்தால் இரண்டையும் பாதிப் பாதியாகச் செய்வதில் தவறில்லை. நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு ஓய்வுக்கு முன் கடனை முடிப்பதே முதன்மை என்பது என் உறுதியான கருத்து. பிஎஃப் பணத்தைத் தொட வேண்டாம். அதற்கு 8.25 சதவீத வட்டி கிடைத்து வருகிறது. உங்கள் கடன் வட்டிக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லாதபோது, முதுமைக்கான ஒரே சேமிப்பை ஏன் கரைக்க வேண்டும்?

கேள்வி (கும்பகோணம்): கையிருப்பு அனைத்தையும் கடனில் போட்டுவிட்டோம். சென்ற மாதம் மாமியாரை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்ததால் மறுபடி கடன் வாங்கினோம். எங்கே தவறினோம்?

பதில்: கடன் அடைப்பதில் ஆர்வம் மிகுந்த குடும்பங்களே இதில் சிக்குகின்றன. அசலில் கட்டிய பணத்தை அவசரத்துக்குத் திரும்ப எடுக்க முடியாது. நான்கு முதல் ஆறு மாத வீட்டுச் செலவும் தவணையும் சேர்ந்த தொகையைச் சேமிப்பிலோ, எளிதில் முறிக்கக்கூடிய வைப்பிலோ வைத்துவிட்டு, அதற்கு மேல் இருப்பதை மட்டும் கடனில் கட்டுங்கள். ஓவர்டிராஃப்ட் வகை வீட்டுக் கடன் தரும் வங்கிகளில், கூடுதலாகப் போட்ட பணம் வட்டியைக் குறைத்துக்கொண்டும் தேவைப்பட்டால் எடுக்கும்படியும் இருக்கும். வட்டி சற்றுக் கூடுதலாக இருந்தாலும், வருமானம் ஏறி இறங்கும் குடும்பங்களுக்கு அது பொருந்தும். சம்பாதிப்பவர் பெயரில் கடன் தொகைக்குக் குறையாத டேர்ம் காப்பீடும் (காப்பீட்டுக் காலத்தில் அவர் இறந்தால் குடும்பத்துக்குத் தொகை தரும் ஆயுள் காப்பீடு) இருக்க வேண்டும்.

கேள்வி (திண்டுக்கல்): வண்டிக் கடன் '10 சதவீதம் ஃப்ளாட்' என்று கொடுத்தார்கள். வீட்டுக் கடனோடு ஒப்பிட்டால் அவ்வளவு அதிகமில்லையே?

பதில்: மிக அதிகம். ஃப்ளாட் கணக்கில், நீங்கள் அசலைத் திருப்பிக் கட்டிய பிறகும் முழு அசலுக்கே வட்டி வாங்கப்படுகிறது. மூன்று ஆண்டுக் கடனில் 10 சதவீதம் ஃப்ளாட் என்பது குறையும் அசலின்மீது ஏறத்தாழ 18 சதவீதத்துக்குச் சமம். அதை உங்கள் வரிசையில் வீட்டுக் கடனுக்கு முன்னால் வையுங்கள். முன்கூட்டி முடித்தால் கட்டணம் எவ்வளவு என்று கேட்டறிந்து, மிச்சமாகும் வட்டியோடு ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி (திருநெல்வேலி): 20 ஆண்டுக் கடனை 11 ஆண்டுகளில் முடிக்கப் போகிறோம். அடுத்த மாதம் கடைசித் தொகை. அதன்பின் என்ன செய்ய வேண்டும்?

பதில்: மனமார்ந்த வாழ்த்துகள். கடைசித் தொகையைக் கட்டும் முன் அன்றைய தேதிக்கான முடிப்புத் தொகையைக் கடிதமாக வாங்குங்கள். கட்டிய பின் நிலுவை இல்லாச் சான்று, நீங்கள் கொடுத்த மூலப்பத்திரம், தாய்ப்பத்திரம் ஆகியவற்றைக் கடன் வாங்கியபோது தந்த ஆவணப் பட்டியலோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வாங்குங்கள். முழுத் தொகையும் கட்டிய 30 நாட்களுக்குள் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள விதி. தாமதத்துக்கு வங்கியே காரணமென்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும்.

பலர் பத்திரத்தை வாங்கியதோடு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். தமிழ்நாட்டில் பத்திரங்களை ஈடாக ஒப்படைத்த விவரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்கும். அதை நீக்க வங்கி அதிகாரியோடு சென்று ரசீது ஆவணத்தைப் பதிவு செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் விட்டதால் பதினைந்து ஆண்டு கழித்து மகளின் திருமணத்துக்காக மனையை விற்கப் போனவர், பழைய கடன் இன்னும் வில்லங்கச் சான்றில் நிற்பதைக் கண்டு திகைத்து என்னிடம் வந்தார். அதற்குள் கிளை இடம் மாறி, பழைய கோப்பைத் தேடி எடுக்கவே நான்கு மாதம் ஆனது. ரசீது பதிவானபின் புதிய வில்லங்கச் சான்று எடுத்து அந்தப் பதிவு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மாதம் கழித்து, உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையிலும் கணக்கு முடிந்ததாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வாங்கிய கடனென்றால் இருவரின் அறிக்கையையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.