சோரலை கீரைன்னு நினைக்காதீங்க

அக்காவுக்கு வணக்கம்,

பக்கத்து வீட்டுக்காரங்க அவங்க தோட்டத்துல இருந்து ஒரு பெரிய கட்டு சோரல் இலை குடுத்தாங்க. பாக்க பாலக் மாதிரியே இருந்துச்சேன்னு வெங்காயம், பூண்டு வதக்கி இலையைப் போட்டு மூடி பத்து நிமிஷம் விட்டுட்டேன். திறந்து பாத்தா பச்சையே இல்ல, காக்கி கலர்ல கொழகொழன்னு கிடக்கு, அவ்ளோ பெரிய கட்டுல பாதியைப் போட்டும் ஒரு சின்ன கிண்ணம் கூட தேறல, வாய்ல வெச்சா பல்லு கூசுது. இலை கெட்டுப் போனதா இல்ல நான்தான் கெடுத்தேனா? மீதி பாதி ஃபிரிட்ஜ்ல இருக்கு. பச்சையா சாப்பிடலாமா? வீட்டுல ஒருத்தருக்கு முன்னாடி கிட்னில கல்லு வந்திருக்கு, அதையும் பாத்து சொல்லுங்க.

ஒரு வாசகி

---

அன்புள்ள தங்கச்சிக்கு,

இலையும் கெடல, நீங்களும் கெடுக்கல. சோரல் அப்படித்தான். அந்த காக்கி கலரைப் பாத்துட்டு குப்பைல கொட்டினவங்க நிறைய பேர், நானும் முதல் தடவை கொட்டினவதான்.

இலைக்குள்ள இருக்கிற புளிப்பு சூடு பட்டதும் பச்சையத்துல இருக்கிற மக்னீசியத்தை வெளிய தள்ளிடும், அது போனா பச்சையும் போச்சு. எவ்ளோ ஜாக்கிரதையா செஞ்சாலும் ஒரு நிமிஷத்துல நிறம் மாறிடும். சிலபேர் சோடா உப்பு போடச் சொல்லுவாங்க, நிறம் நிக்கும் ஆனா புளிப்பு செத்துடும், அப்புறம் சோரல் எதுக்கு, பாலக்கையே வாங்கிக்கலாமே.

இதை கீரையா நினைச்சதுதான் சிக்கல். இது இலை வடிவத்துல வந்த எலுமிச்சம்பழம்னு வெச்சுக்கோங்க, ஒரு சட்டி எலுமிச்சம்பழத்தை வதக்கி தனியா சாப்பிடுவோமா? ஏதாவது மந்தமான, கொழுப்பான, மாவுத்தன்மையான பண்டத்துல கடைசியா சேர்க்கிற புளிப்பு இது. உருளைக்கிழங்கு, முட்டை, வெண்ணெய், கிரீம், மீன், பருப்பு, இதெல்லாம் இதுக்குன்னே பொறந்த ஜோடி.

அந்த 'கடைசியா'ங்கிறதை கொஞ்சம் அழுத்தி சொல்லணும். புளி விட்டதுக்கப்புறம் காய் வேகாதுன்னு சொல்லுவாங்கள்ல, இங்கயும் அதே கதைதான். கிழங்கோ பருப்போ பாதி வெந்திருக்கும்போது சோரலைப் போட்டீங்கன்னா அது அப்படியே விறைச்சுக்கும், அப்புறம் அரை மணி நேரம் கொதிக்க விட்டாலும் நறுக்கு நறுக்குன்னுதான் இருக்கும்.

மீதி இருக்கிறதுல ஒரு சூப் வெச்சுப் பாருங்க. ஒரு வெங்காயத்தை வெண்ணெய்ல நிறம் மாறாம வதக்கி, ரெண்டு பெரிய உருளைக்கிழங்கை சின்னதா வெட்டிப் போட்டு ஒரு லிட்டர் தண்ணி, உப்பு சேத்து கரண்டியால அழுத்தினா மசியிற வரைக்கும் வேக விடுங்க. இலையோட நடு நரம்பு தடியா இருந்தா இலையை ரெண்டா மடிச்சு காம்புல இருந்து மேல இழுத்தா நார் மாதிரி உரிஞ்சு வந்துடும், அதை எடுத்துட்டு அஞ்சாறு இலையா அடுக்கி சுருட்டி மெல்லிசா நறுக்கிக்கோங்க. 100 கிராம் இருந்தா போதும். கொதிக்கிற சூப்ல போட்டு ஒரு கிளறு கிளறி ரெண்டு நிமிஷத்துல அடுப்பை அணைச்சுடுங்க. மேல ஒரு கரண்டி கிரீம், பாதியா வெட்டின அவிச்ச முட்டை. உக்ரைன், ரஷ்யா பக்கம் பச்சை போர்ஷ்ட்னு வைக்கிறது கிட்டத்தட்ட இதேதான், இதையே ஆறவெச்சு ஜில்லுன்னு குடிக்கிறவங்களும் உண்டு.

கிரீமுக்கு பதிலா பால் ஊத்திடாதீங்க. நான் ஒருதடவை கிரீம் தீந்து போச்சுன்னு பாலை ஊத்தி, கண்ணு முன்னாடியே பனீர் பண்ணி வெச்சேன். கொழுப்பு அதிகமான கெட்டி கிரீம் அவ்ளோ சீக்கிரம் திரியாது.

பிரான்ஸ்ல ருவான் ஊர்ல த்ருவாக்ரோ சகோதரர்கள்னு ரெண்டு சமையல்காரங்க 1960கள்ல பேர் வாங்கினது சால்மன் மீனுக்கு சோரல் சாஸ் வெச்சுத்தான். கிரீம் சாஸை முதல்ல முழுசா தயார் பண்ணிட்டு இலையை கடைசி சில செகண்ட் மட்டும்தான் காட்டுவாங்க, அவ்ளோதான் ரகசியம்.

பச்சையா தாராளமா சாப்பிடலாம், ஆனா இளசா விரல் நீளத்துல இருக்கிற இலையா பாத்து, மத்த இலைகளோட நாலுல ஒரு பங்கா கலந்துக்கோங்க, சாலட் டிரெஸ்ஸிங்ல எலுமிச்சையோ வினிகரோ வேணாம். அவ்ளோ இலையையும் உடனே தீர்க்க முடியலன்னா பச்சையாவே வெண்ணெயோட சேத்து மிக்ஸில அரைச்சு சின்ன சின்ன உருண்டையா ஃப்ரீசர்ல போடுங்க, ஆம்லெட்லயோ வறுத்த மீன் மேலயோ ஒரு உருண்டை வெச்சா போதும். பச்சை நிறம் ஓரளவு தங்கறதும் இந்த வழியிலதான், ஏன்னா அடுப்பே காட்டலியே.

பாத்திரம் ஸ்டீலா இருக்கட்டும். அலுமினியம், இரும்புல வெச்சா வாய்ல காசு வெச்ச மாதிரி ஒரு ருசி வரும், இலையும் கறுத்துடும்.

இப்ப கிட்னி விஷயம். சோரல்ல ஆக்ஸாலிக் ஆசிட் ரொம்ப அதிகம், கல்லுல பெரும்பாலானது கால்சியம் ஆக்ஸலேட் வகைதான். அதனால அவருக்கு மட்டும் இது வேணாம், டாக்டர் சரின்னு சொன்னா அப்புறம் பாக்கலாம். மத்தவங்க அப்பப்ப சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது, தினமும் கட்டு கட்டா வேணாம். கிரீம், தயிர், முட்டையோட சாப்பிடற பழக்கத்துல ஒரு நல்லது என்னன்னா, பால் சாமான்ல இருக்கிற கால்சியம் வயித்துலயே கொஞ்சம் ஆக்ஸலேட்டைப் பிடிச்சு வெச்சுக்கும்.

பேரு விஷயத்துல ஒரு வார்த்தை. நம்ம சுக்காங்கீரை இதுக்கு நேர் சொந்தம், ரெண்டும் ரூமெக்ஸ்ங்கிற ஒரே செடி இனம்தான், அதனால மேல சொன்னதெல்லாம் அதுக்கும் ஒத்து வரும். புளிச்சக்கீரை செம்பருத்தி குடும்பம், அதையும் இங்கிலீஷ்ல சிலபேர் சோரல்னே எழுதுவாங்க, ரெசிபி பாக்கும்போது எந்த சோரல்னு பாத்துக்கோங்க.

பக்கத்து வீட்டுல பூத்தண்டு கிளம்பினா உடனே ஒடிச்சு விடச் சொல்லுங்க. தண்டு ஏறிட்டா இலை முத்திப் போயி நார் நாரா ஆயிடும். ஒடிச்சு விட்டா புதுசா துளிர் வரும், இது வருஷா வருஷம் தானே முளைக்கிற செடி, அடுத்த கட்டும் உங்க வீட்டுக்குத்தான் வரப்போகுது.

அன்புடன்,
அக்கா