திருகோணமலைக் கடல் நலமாக இருக்கிறதா என்பதை எதை வைத்துச் சொல்வது?

கேள்வி இதுதான்: “கடல் கெட்டுவிட்டது என்று ஒரு சாராரும், அப்படி ஒன்றுமில்லை என்று இன்னொரு சாராரும் சொல்கிறார்கள். ஒரு பிராந்தியத்தின் கடற் சூழற்றொகுதி எந்த நிலையில் இருக்கிறது என்பதை உண்மையில் எப்படி அளக்கிறார்கள்? அந்த அளவை எவ்வளவு நம்பலாம்? திருகோணமலையை வைத்து யாராவது விளக்க முடியுமா?”

நான் விஞ்ஞானி அல்லன். நிலாவெளியில் பிறந்து, சுழியோடப் பழகி, முருகைக்கல் (பவளப்பாறை) ஆய்வுக்கு வரும் குழுக்களுக்கு முதலில் நாடா பிடிப்பவனாகவும், பின்னர் அவர்கள் எழுதிக்கொண்டு வருவதைக் கணினியில் ஏற்றுபவனாகவும் வேலை செய்தவன். அளவு எப்படிப் பிறக்கிறது, எங்கே பிழையாகிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

ஒரு நாளில் ஓரிடத்தில் எடுத்த அளவைக் கொண்டு கடலின் நலத்தை எவராலும் சொல்ல முடியாது. அதே இடத்தில், அதே ஆழத்தில், அதே முறையில், அதே பருவத்தில் முன்னர் எடுத்த அளவு கையில் இருந்தால்தான் புதிய எண்ணுக்குப் பொருள் உண்டு. கருவி வாங்குவதற்கு எப்படியோ பணம் கிடைத்துவிடுகிறது. அதே இடத்துக்குப் பத்தாவது ஆண்டும் திரும்பிப் போவதற்குத்தான் கிடைப்பதில்லை.

ஊரில் புறாமலை என்று சொல்லும் புறாத்தீவு, கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. 1963 இல் சரணாலயமாகவும் 2003 இல் தேசியப் பூங்காவாகவும் அது அறிவிக்கப்பட்டது. அங்கே நாங்கள் செய்வது மிக எளிய வேலை: ஒரே ஆழத்தில் 20 மீற்றர் நாடாவை முருகையின் மேல் விரிப்போம். ஒருவர் அதன் மேலாக மெதுவாக நீந்தி, நாடாவுக்குக் கீழே இருப்பது மாறும் ஒவ்வொரு இடத்திலும் அந்தச் சென்ரிமீற்றரைக் குறித்துக்கொள்வார். கொம்பு முருகை 45 வரை, பாசி படர்ந்த செத்த கல் 110 வரை, மணல் 130 வரை என்று பிளாஸ்ரிக் பலகையில் பென்சிலால் எழுதிக்கொண்டே போக வேண்டும். உதாரணத்துக்கு, 2,000 சென்ரிமீற்றரில் 640 சென்ரிமீற்றர் உயிருள்ள முருகையின் மேல் கிடந்தால் உயிர்ப் பரப்பு 32 வீதம். நாடா சும்மா கிடக்காது; நீரோட்டம் அதைத் தூக்கும், ஆகவே ஒவ்வொரு மீற்றருக்கும் ஒரு கல் இடுக்கில் செருகிவிட வேண்டும். கிளிமீன்கள் பக்கத்தில் கல்லைக் கடிக்கும் ‘கறுக் கறுக்’ ஒலி முழு நேரமும் காதில் கேட்டுக்கொண்டிருக்கும்.

இந்த வேலையில் புதியவர்கள் அதிகம் தடுமாறுவது வெளிறிய முருகைக்கும் செத்த முருகைக்கும் உள்ள வேறுபாட்டில்தான். நீர் அளவுக்கு மீறிச் சூடாகும்போது, தன் உடலுக்குள் வாழ்ந்து தனக்கு உணவூட்டும் நுண்ணிய அல்காக்களை முருகை வெளியேற்றிவிடுகிறது. அதனால் அது பால் வெள்ளையாகிறதே தவிர, உடனே சாவதில்லை. சூடு தணிந்தால் சில வாரங்களில் நிறம் திரும்பவும் கூடும். கிட்டப் போய்ப் பார்த்தால் வெள்ளைக் கல்லின் மேல் கண்ணாடி போன்ற மெல்லிய தசை இன்னும் இருக்கும். செத்ததென்றால் சில நாட்களிலேயே அதன் மேல் பழுப்பும் பச்சையுமாகப் பாசி பிடித்துவிடும். வெளிறியதைச் செத்ததாக எழுதிவிட்டால், அடுத்த ஆண்டு அறிக்கையில் செத்தவை உயிர்த்தெழுந்திருக்கும்.

நாங்களே செய்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும். முதலாம் ஆண்டு நாடாவின் இரு முனைகளிலும் செத்த கல்லில் இரும்பு ஆணி அறைந்து வைத்தோம். மாரி கழிந்து அடுத்த சித்திரையில் இறங்கியபோது ஓர் ஆணியைக் காணவில்லை. தொட்டியில் காற்றுக் குறைந்துகொண்டிருந்தது. “இங்கேதான்” என்று நான் கையால் காட்டிய இடத்தில் நாடாவை விரித்தார்கள். அன்று மாலை கணக்குப் பார்த்தபோது ஓராண்டுக்குள் உயிர்ப் பரப்பு நம்ப முடியாத அளவுக்குக் கூடியிருந்தது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. இரண்டு ஆண்டுப் படங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வரைக்கும்தான் அந்த மகிழ்ச்சி நின்றது. பழைய படத்தில் நாடாவின் ஓரமாக இருந்த பெரிய மூளை முருகை புதிய படங்கள் எதிலுமே இல்லை. நாடா நாலைந்து மீற்றர் தள்ளி, செழிப்பான கொம்பு முருகைத் திட்டொன்றின் மேல் கிடந்திருக்கிறது. அந்த ஆண்டின் அளவை ஒப்பீட்டிலிருந்து எடுத்துவிட நேர்ந்தது. பிழை என் விரலில் இருந்தது. அன்றிலிருந்து “உயர்ந்துள்ளது”, “குறைந்துள்ளது” என்று எந்த அறிக்கை சொன்னாலும், இரண்டு முறையும் ஒரே இடமா என்றுதான் முதலில் தேடுகிறேன்.

இனி, பிராந்தியம் என்ற சொல்லுக்கு வருவோம். ஒரு முருகைத் திட்டை அளந்து முழுக் கடலுக்கும் தீர்ப்பு எழுத முடியாது என்பதற்கு 1998 ஆம் ஆண்டை விடச் சிறந்த சான்று இல்லை. அந்த ஆண்டு இந்து சமுத்திரம் சூடேறியபோது ஹிக்கடுவையிலும் கற்பிட்டிப் பக்கத்துப் பெருந்திட்டிலும் முருகைகள் பெருமளவில் மடிந்தன. திருகோணமலைத் திட்டுகள் பெரும்பாலும் தப்பின. அன்று புறாமலையை மட்டும் பார்த்தவர் இலங்கைக் கடலில் ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதியிருப்பார், ஹிக்கடுவையை மட்டும் பார்த்தவர் எல்லாம் போய்விட்டது என்று எழுதியிருப்பார். இருவரும் தாம் கண்டதைத்தான் எழுதியிருப்பார்கள். அதே நேரம், எங்கள் பக்கம் எப்போதும் தப்பியது என்றும் நினைக்கக் கூடாது: 1970களில் முருகையைத் தின்னும் முள்முடி நட்சத்திரமீன் பெருகித் திருகோணமலைத் திட்டுகளை அழித்தது பதிவாகியிருக்கிறது.

பிராந்தியத்தின் எல்லையும் மாவட்ட எல்லையும் ஒன்றல்ல. மூதூர்ப் பக்கம் கொட்டியாரக்குடாவில் விழும் மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி, இலங்கையின் நிலப்பரப்பில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கின் நீரைச் சுமந்து வருகிறது. மலைநாட்டுத் தோட்டத்தில் போட்ட பசளையும், வெட்டிய சரிவின் மண்ணும் கடைசியில் எங்கள் குடாவுக்குத்தான் வந்து சேர்கின்றன. வாடைக்காற்றுக் காலத்தில் வங்காள விரிகுடாவின் வடக்கிலிருந்து உப்புக் குறைந்த நீர் இந்தியக் கரையோரமாக இறங்கி எங்கள் கிழக்குக் கரையையும் தொடுகிறது. இதனால்தான் வங்காள விரிகுடாவை ஒரு பெருங்கடற் சூழற்றொகுதியாக எடுத்து, இலங்கை, இந்தியா, மாலைதீவு, பங்களாதேசம், மியான்மார், தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா ஆகிய 8 நாடுகளும் சேர்ந்து மதிப்பிட்டன. அவை முக்கியமாகக் கண்ட சிக்கல்கள் மூன்று: அளவுக்கு மீறிய மீன்பிடி, வாழிடச் சிதைவு, மாசு.

நீரின் தெளிவை அளக்க நாங்கள் இன்றும் இறக்குவது, 1865 இல் செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் உருவாக்கிய வட்டத் தட்டைத்தான். கயிற்றில் கட்டி இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்தால் போதும். வைகாசியில் புறாமலைப் பக்கம் கயிறு போதாமல் போகும். மார்கழியில் மகாவலி வெள்ளம் கலங்கி வரும்போது கொட்டியாரக்குடாவில் சில முழத்துக்குள்ளேயே தட்டைக் காணோம். விலை குறைந்த இந்தத் தட்டை ஒரே இடத்தில் மாதந்தோறும் தவறாமல் இறக்கினால், வந்துபோகும் விருந்தாளி போல எப்போதாவது ஒரு முறை வரும் விலை உயர்ந்த மின்னணுக் கருவியை விட அது நமக்கு அதிகம் சொல்லும் என்பது என் கருத்து.

சூட்டைப் பொறுத்தவரை செய்மதிகளின் உதவி பெரியது. ஓரிடத்தில் ஆண்டின் மிகச் சூடான மாதத்தின் வழக்கமான சராசரியை விட நீர் 1 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேல் சூடாக இருந்தபோது, எவ்வளவு அதிகம், எவ்வளவு காலம் என்பதைக் கடந்த 12 வாரங்களுக்குக் கூட்டி, ‘பாகை-வாரம்’ என்ற ஓர் அளவை அமெரிக்க நிறுவனமான நோவா வெளியிடுகிறது. அது 4 ஐத் தொட்டால் வெளிறலை எதிர்பார்க்கலாம்; 8 ஐத் தாண்டினால் பரவலான சாவையும் எதிர்பார்க்க வேண்டும். இந்த எண்ணை யாரும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால் செய்மதி காண்பது கடலின் மேற்தோலை மட்டுமே. திருகோணமலையில் ஆழ்கடற் பள்ளத்தாக்கு துறைமுகத்தின் வாசல் வரை வந்து நிற்கிறது. கீழிருந்து குளிர்ந்த நீர் மேலேறும் நாட்களில் பத்து மீற்றர் கீழே இறங்கியதும் உடல் சிலிர்ப்பதை இங்கே சுழியோடுபவர்கள் அறிவார்கள். ஆகையால் கல்லோடு கட்டிவைக்கும் சிறிய வெப்பப் பதிவுக் கருவியும் வேண்டும்.

மீனுக்கு வருகிறேன். நிலாவெளிக் கரையில் கரைவலை இழுத்து முடிந்த ஒரு காலையில், மடியிலிருந்து கூடைகளுக்குச் சரிந்த சூடையையும் நெத்தலியையும் நிறுத்து எழுதிக்கொண்டிருந்தேன். நரைத்த சம்மாட்டி (வலைக்குச் சொந்தக்காரர்) ஒருவர் வந்து என் கொப்பியை எட்டிப் பார்த்து, “தம்பி, எத்தனை கிலோ எண்டு எழுதுறீங்கள், சரி. எத்தனை பேர் இழுத்தது, எத்தனை தரம் வளைச்சது எண்டு எழுதினீங்களா?” என்று கேட்டார். எழுதியிருக்கவில்லை. மீன்வளத்தைக் கணிப்பவர்கள் முயற்சிக்கு எவ்வளவு பிடிபட்டது என்று கணக்கிடுவது இதைத்தான்: நூறு கிலோவுக்கு முன்பு ஒரு வளைப்பு போதுமாக இருந்து, இப்போது மூன்று தேவைப்பட்டால், சந்தைக்கு வரும் நிறை குறையாவிட்டாலும் கடலில் குறைந்திருக்கலாம். வேகமான எஞ்சின், நீளமான வலை, மீனைக் காட்டும் கருவி ஆகிய எல்லாமே அந்தக் குறைவைச் சில ஆண்டுகளுக்கு மறைத்து வைக்கும். சம்மாட்டி ஐயா சொன்ன பிறகு என் கொப்பியில் இரண்டு நிரல்கள் கூடின. பின்னர் மீனின் நீளத்துக்கும் ஒரு நிரல் சேர்த்தேன், ஏனெனில் முட்டையிடும் பருவத்துக்கு முன்னரே பிடிபடும் மீன் எத்தனை என்பது நிறையில் தெரியாது. கரையிலிருந்து செய்யும் இந்தக் கணக்கைத் தவிர, ‘டொக்டர் ஃபிரிட்ஜோஃப் நான்சன்’ என்ற நோர்வே ஆய்வுக் கப்பல் 1978 முதல் 1980 வரையும் பிறகு 2018 இலும் இலங்கையைச் சுற்றி அளந்திருக்கிறது. அந்த இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய நாற்பது ஆண்டு.

எங்களை அதிகம் வாட்டுவது அந்த இடைவெளிதான். 1983 முதல் 2009 வரை போர். பல இடங்களில் கடலுக்கு இறங்கவே தடை, அளப்பது எங்கே? இப்போதும் ஐப்பசி தொடக்கம் தை வரை கடல் கொந்தளிப்பதால் நாங்கள் அளப்பது பெரும்பாலும் அமைதியான மாதங்களின் கடலைத்தான். வெள்ளமும் அலையும் சேர்ந்து முருகையை அதிகம் பாதிக்கும் காலம் எங்கள் கொப்பியில் வெறும் தாளாக இருக்கிறது. போதாததற்கு, இருப்பதும் கைக்கு எட்டுவதில்லை. பழைய அளவீடு ஒன்றைத் தேடி ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை போய், கடைசியில் கிடைத்தது எந்த இடத்தில் எடுத்தது என்ற குறிப்பே இல்லாத நிழற்பிரதி.

முந்தைய நிலை தெரியாவிட்டால் என்ன நேரும் என்பதை 2020 செப்ரெம்பர் 3 ஆம் திகதி எண்ணிப் பார்த்தோம். ஏறக்குறைய 270,000 தொன் மசகெண்ணெயுடன் வந்த ‘நியூ டயமண்ட்’ கப்பல் எங்கள் கிழக்குக் கரையில் சங்கமன்கண்டிக்கு அப்பால் தீப்பிடித்தது. சரக்கு எண்ணெய் கொட்டாதது எங்கள் அதிர்ஷ்டம். அடுத்த ஆண்டு கொழும்புக்கு அப்பால் ‘எக்ஸ்-பிரஸ் பேர்ள்’ எரிந்து பிளாஸ்ரிக் மணிகள் மேற்குக் கரையை மூடியபோது அந்த அதிர்ஷ்டம் இருக்கவில்லை. நட்டஈடு கேட்பவர், கப்பல் எரிவதற்கு முந்திய நாள் அந்தக் கடல் எப்படி இருந்தது என்று எண்களில் காட்ட வேண்டும். மறுபக்கத்தின் சட்டத்தரணி முதலில் கேட்பது அதைத்தான்.

எழுதப்படாத காலத்துக்கு நினைவு உதவுமா என்றால், ஓரளவுக்கு. டானியல் போலி என்ற மீன்வள அறிஞர் 1995 இல் சுட்டிக்காட்டியபடி, ஒவ்வொரு தலைமுறையும் தான் இளமையில் கண்ட கடலையே இயல்பான கடலாக எடுத்துக்கொள்கிறது. என் அப்பாவுக்குச் சிறிதாகத் தோன்றும் கலவாய் மீன் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. பழைய வணிகப் பதிவுகளும் கை கொடுக்கும்: தம்பலகாமக் குடாவில் கண்ணாடி போல் மெல்லிய ஓடு கொண்ட சிப்பியிலிருந்து பிரித்தானியர் காலத்தில் முத்தெடுத்திருக்கிறார்கள். தொழிலாக நடத்துமளவுக்கு அங்கே சிப்பி இருந்தது என்பதற்கு அது போதுமான சான்று.

கேட்டவருக்கு நடைமுறையில் சொல்வதென்றால், ஓர் அறிக்கை கைக்கு வந்தால் அதிலுள்ள தீர்ப்பை விட்டுவிட்டு முறை பற்றிய பகுதியை முதலில் வாசியுங்கள். எந்த மாதம், எத்தனை இடம், எத்தனை ஆண்டு, இடங்களை எப்படித் தேர்ந்தார்கள் என்று பாருங்கள். அழுத்தத்தை நிலை என்று எழுதியிருக்கிறார்களா என்பதையும் கவனியுங்கள். கரையில் பொறுக்கிய போத்தல்களின் தொகை கடலின் மேலுள்ள அழுத்தத்தைச் சொல்லும். கடற்புல்லும் முருகையும் மீனும் எப்படி இருக்கின்றன என்பதை அது சொல்லாது. கரைச் சுத்திகரிப்புகளை நான் குறை சொல்லவில்லை, நானும் போகிறவன்தான். ஆனால் அங்கே எடுக்கும் படங்கள் மதிப்பீடாக அச்சேறும்போது எரிச்சல் வருகிறது.

காணாமற்போன அந்த ஆணிக்குப் பதிலாக இப்போது துருப்பிடிக்காத உருக்கு ஆணி இரண்டு அறைந்திருக்கிறோம். ஜீபீஎஸ் எண்ணோடு, எந்தப் பாறையிலிருந்து எத்தனை மீற்றர், எந்தத் திசை என்று கையால் வரைந்த படமும் கொப்பியின் முதற் பக்கத்தில் இருக்கிறது. சித்திரையில் நான் இறங்காவிட்டாலும் வேறொருவர் அதைக் கண்டுபிடிக்கலாம்.