கம்ப்யூட்டர் சோதனை நார்மல். ஆனால் வாய் முந்திக்கொள்கிறதே?

கேள்வி: வயது 34. ஐ.டி. வேலை. மீட்டிங்கில் யாரையும் பேசி முடிக்க விடுவதில்லை. நள்ளிரவில் ஆன்லைனில் எதையாவது ஆர்டர் போட்டுவிட்டுக் காலையில் கேன்சல் செய்கிறேன். ஏ.டி.எச்.டி.யாக (கவனம் நிற்காமை, பரபரப்பு, யோசிக்காமல் செய்துவிடுவது ஆகியவை சேர்ந்த குறைபாடு) இருக்கலாம் என்று ஒரு கிளினிக்கில் கம்ப்யூட்டர் சோதனை எடுத்தார்கள், நார்மல். “அப்போ இது வெறும் திமிர்தானே” என்கிறார் மனைவி. எதை நம்புவது, டாக்டர்?

பதில்: உங்கள் மனைவியின் கோபம் புரிகிறது. ஆனால், திமிர் என்று அந்தச் சோதனை சொல்லவில்லை.

நீங்கள் செய்தது அநேகமாக இதுவாக இருக்கும்: திரையில் எழுத்துகள் வந்துகொண்டே இருக்கும், ஒவ்வொன்றுக்கும் பட்டனைத் தட்ட வேண்டும், ‘எக்ஸ்’ வந்தால் மட்டும் தட்டக் கூடாது. கால் மணி நேரம், அமைதியான அறை, சீண்ட ஆளில்லை. தட்டப்போன விரலை நிறுத்த முடிகிறதா என்பதை அது அளக்கும். மேனேஜரிடம் திட்டு வாங்கிய இரவில், கையில் போனோடு படுத்திருப்பவரை அது அளக்காது. ஏ.டி.எச்.டி. உள்ள பெரியவர்கள் பலர் இதில் நன்றாகவே தேறிவிடுகிறார்கள். இத்தகைய சோதனைகளும் கேள்வித்தாள்களும் ஒன்றோடொன்று அவ்வளவாக ஒத்துப்போவதில்லை என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம்.

இந்த அவசரப் போக்கை அளக்கும் கேள்வித்தாள்களில் அதிகம் புழங்குவது பாரட் அளவுகோல். 30 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண். மொத்தத்தை மட்டும் பார்த்துப் பயனில்லை. மனம் ஒன்றில் நிற்காதது, யோசிக்காமல் செய்துவிடுவது, முன்திட்டம் இல்லாதது என மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். யு.பி.பி.எஸ்.-பி என்று இன்னொன்று உண்டு. மனம் நொந்தாலோ அளவுக்கு மீறிப் பூரித்தாலோ கட்டுப்பாடு கழன்றுவிடுகிறதா என்று அது தனியாகக் கேட்கும். உங்கள் நள்ளிரவு ஆர்டர்களுக்கு நான் முதலில் எடுப்பது இதைத்தான்.

ஏ.டி.எச்.டி.க்கான உலக சுகாதார நிறுவனத்தின் 18 கேள்விப் பட்டியலை நெட்டில் போட்டுப் பார்த்திருப்பீர்கள். அதன் முதல் ஆறு கேள்விகளில் நான்காவது உங்களுக்குப் பொருந்தினால், முறையாகப் பரிசோதிக்க வேண்டும் என்று அர்த்தம், அவ்வளவுதான். தூக்கக் குறைவு, மது, பைபோலார் (மனநிலை மிகை உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறிமாறிப் போகும் நோய்) எதிலும் இந்த அவசரம் வரும். ஆகவே எந்த மதிப்பெண்ணும் தனியாக நோயை முடிவு செய்யாது. 12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகள் இருந்தனவா, வீடு, வேலை என இரண்டு இடத்திலாவது தெரிகிறதா என்று பார்ப்போம். அதற்கு அம்மாவின் நினைவும், பள்ளி ரேங்க் கார்டில் டீச்சர் எழுதிய குறிப்பும் எந்த மெஷினையும்விட உதவும்.

அடுத்த முறை போவதற்கு முன் இரண்டு வாரம் குறித்து வையுங்கள்: எத்தனை மணி, அதற்குச் சற்றுமுன் என்ன நடந்தது, எவ்வளவு பணம், அடக்க முடிந்ததா. உங்களைப் பற்றிய கேள்வித்தாளை மனைவியும் தனியாக நிரப்பட்டும், பக்கத்தில் உட்காராதீர்கள். இருவர் பதிலும் எங்கே முட்டுகிறதோ, அங்கிருந்துதான் நான் பேச்சைத் தொடங்குவேன். மருந்து தொடங்கினால் அதே தாள்களை மறுபடி நிரப்பி ஒப்பிடலாம்.

அப்புறம், போனில் உள்ள ஆர்டர் பட்டியலை அழிக்காமல் கொண்டுபோங்கள், கேன்சல் செய்தவற்றையும் சேர்த்து.