ரேம்பேஜ் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என்ன பொருள்? யானைச் செய்திகளில் அதை எழுதுவது சரியா?

கட்டுப்பாடு முழுக்க அறுந்துபோய், எதிரில் பட்டதையெல்லாம் அடித்து நொறுக்கிக்கொண்டு திரிவதுதான் ரேம்பேஜ். ஓட்டம், மூர்க்கம், சேதம் மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கத்து எருது விடும் விழாவையே எடுத்துக்கொள்ளுங்கள். தடுப்புகளுக்கு நடுவே காளை எவ்வளவு சீறிக்கொண்டு ஓடினாலும் அது ரேம்பேஜ் ஆகாது. அதே காளை தடுப்பை உடைத்துக் கூட்டத்துக்குள் புகுந்து முட்டித் தள்ளினால் ஆகும். அதைப் பார்த்துச் சனம் அலறியடித்து ஓடுவது ஸ்டாம்பீட், அது பயத்தில் ஓடும் ஓட்டம்.

ஸ்காட்லாந்து வழக்கிலிருந்து வந்த சொல் இது. பின்னங்காலில் நிமிர்ந்து எழுவதைக் குறிக்கும் ரேம்ப் என்ற பழைய வினைதான் வேர் என்பார்கள். கொடிகளில் முன்னங்காலைத் தூக்கி நிற்கும் சிங்கத்துக்கு லயன் ரேம்பன்ட் என்று பெயர். ஊழல் ரேம்பன்ட் என்கிறார்களே, அதுவும் இதே குடும்பம்தான்.

போட்டித் தேர்வு எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ‘வென்ட் ஆன் எ ரேம்பேஜ்’ என்றால் ஒருமுறை வெறியாடித் தீர்த்தது. ‘ஆன் தி ரேம்பேஜ்’ என்றால் ஆட்டம் இன்னும் நடக்கிறது. வினையாக எழுதும்போது ‘ரேம்பேஜ்ட் த்ரூ தி வில்லேஜ்’ என்று த்ரூ போட வேண்டும். அது இல்லாமல் ‘ரேம்பேஜ்ட் தி வில்லேஜ்’ என்று எழுதினால் தப்பு.

சரி, யானைக்கு வருகிறேன். நான் தேன்கனிக்கோட்டைக்காரன், இந்தச் சொல்லை எங்கள் ஊர்ச் செய்திகளில் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை. ராகி கதிர் முற்றும் காலத்தில் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி, தளி வழியாக யானைக் கூட்டங்கள் வருகின்றன. பெரும்பாலும் இருட்டில் வந்து, மேய்ந்துவிட்டு, விடிவதற்குள் காட்டுக்குத் திரும்பிவிடும். விடிந்து போய்ப் பார்த்தால் பாதி வயல் மிதிபட்டுக் கிடக்கும். அந்த விவசாயியின் நஷ்டம் சின்னது இல்லை, ஒரு வருஷத்துப் பாடு அது. ஆனால் அங்கே நடந்தது பசிக்கு மேய்ச்சல். காட்டுயிர் ஆய்வாளர்கள் இதைக் கிராப் ரெய்டிங் என்கிறார்கள், அதுவே பொருந்துகிறது. மதம் பிடித்த யானை தெருவில் புகுந்து வண்டியைக் கவிழ்த்தால் ரேம்பேஜ் என்று தாராளமாக எழுதலாம்.

2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன, உடன் வந்த இரண்டு குட்டிகள் தப்பின. வயலுக்கு வரும் யானையெல்லாம் வெறிபிடித்தது என்று தினமும் படிக்கிறவருக்கு, இப்படி வேலியில் கம்பி இழுத்து மின்சாரம் விடுவதுகூட நியாயமாகத் தோன்றிவிடும். தமிழ்ச் செய்திகளில் வரும் ‘யானைகள் அட்டகாசம்’ என்ற தலைப்பும் எனக்குப் பிடிக்காததற்கு இதுதான் காரணம்.

‘எலிஃபன்ட்ஸ் டேமேஜ் ராகி கிராப்’ என்று தலைப்புப் போட்டால் போதும். அப்புறம் எத்தனை ஏக்கர் போனது, வனத்துறை வந்து பார்த்ததா, இழப்பீடு எப்போது கிடைக்கும் என்பதைக் கீழே எழுதட்டும்.