தகரத்தில் எழுதிய நன்றி: வாசகர் கேள்வி பதில்

மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோவின் நீல வீட்டைப் புகைப்படங்களில் பார்த்தேன். சுவரில் சின்னச் சின்ன தகரப் படங்கள் நிறையத் தொங்குகின்றன. எல்லாவற்றிலும் யாராவது விழுந்து கிடக்கிறார்கள், அல்லது படுக்கையில் இருக்கிறார்கள். மேலே ஒரு மாதா. அது என்ன படம்?
(மதுரை வாசகி)

நல்ல கண் உங்களுக்கு. அவை எக்ஸ்வோட்டோ என்ற காணிக்கைப் படங்கள். மெக்சிகோவில் ரெட்டாப்லோ என்றும் சொல்வார்கள். ஃப்ரீடாவும் கணவர் தியேகோ ரிவேராவும் நூற்றுக்கணக்கில் சேர்த்து வைத்திருந்தார்கள். புனிதரிடம் நேர்ந்துகொள்வதை அங்கே ‘மாண்டா’ என்பார்கள், நாம் நேர்த்திக்கடன் என்று சொல்வதுதான், ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டாம். குதிரை தள்ளிவிட்டது, சுரங்கம் சரிந்தது, பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கவே இல்லை. அந்த நேரத்தில் ஒரு புனிதரைக் கூப்பிட்டிருப்பார்கள், பிழைத்ததும் ஊர் ஓவியரிடம் போய் நடந்ததைச் சொல்லி, அவர் வரைந்து கொடுத்ததை எடுத்துக்கொண்டு நடந்தே அந்தப் புனிதரின் கோயிலுக்குப் போய்ச் சுவரில் மாட்டிவிட்டு வருவார்கள்.

படத்தின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான். மேல் மூலையில் மேகத்தில் புனிதர், நடுவில் நடந்த சம்பவம், அடியில் எழுத்து. எனக்கு உயிரே அந்த எழுத்தில்தான். தேதி, ஊர், பெயர், என்ன நடந்தது, யாரைக் கூப்பிட்டேன் என்று ஒரே மூச்சில் ஓடும், முற்றுப்புள்ளி இருக்காது, எழுத்துப்பிழை நிறைய இருக்கும், காதில் விழுந்தபடியே எழுதியிருப்பார்கள். கடைசியில் ‘அளவில்லாத நன்றி’ என்பதும், இந்த அற்புதத்தை எல்லாரும் அறியச் செய்கிறேன் என்பதும் அடிக்கடி வரும். அந்த ‘எல்லாரும் அறிய’ முக்கியம். மனதுக்குள் நன்றி சொன்னால் கடன் தீராது, நாலு பேர் படிக்கிற இடத்தில் சொல்ல வேண்டும். அமெரிக்க எல்லையில் ஆற்றைக் கடக்கும்போது மூழ்கிப் பிழைத்தவர்கள்கூட அப்படி மாட்டியிருக்கிறார்கள்.

ஃப்ரீடா விஷயத்துக்கு வருகிறேன். 1925 செப்டம்பர் 17 அன்று அவர் போன பஸ் மீது டிராம் மோதியது, அப்போது வயது 18, உடம்பில் இரும்புக் கம்பி பாய்ந்தது. பல வருடம் கழித்து, யாரோ ஒருவர் கிட்டத்தட்ட அதே மாதிரி விபத்துக்காக வரைய வைத்திருந்த காணிக்கைப் படம் ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. அதில் பஸ்ஸின் மேல் ‘கொயோவகான்’ என்று தன் ஊர்ப் பெயரை எழுதினார். கீழே கிடந்த பெண்ணுக்குத் தன்னுடைய சேர்ந்த புருவத்தை வரைந்தார். அடியில், மகளைக் காப்பாற்றியதற்காகத் தன் அப்பாவும் அம்மாவும் வியாகுல மாதாவுக்கு நன்றி சொல்வதாக எழுதிவிட்டார். அந்தச் சின்னப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். கூடவே, முதலில் அதை நேர்ந்துகொண்டவர் யாரோ, அவருடைய விபத்து என்ன ஆயிற்றோ என்ற நினைப்பும் வரும்.

வீட்டில் வைத்துக் கும்பிடுவதும் இதே படங்கள்தானா?
(நாகர்கோவில் வாசகர்)

இல்லை, இந்த இரண்டையும் நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். காணிக்கைப் படம் கோயிலுக்குப் போவது. வீட்டுப் பீடத்துக்கு வேறு படம் உண்டு, அதில் சம்பவமோ கதையோ இருக்காது, புனிதர் மட்டும் நேராக நம்மைப் பார்த்தபடி இருப்பார். அதையும் ரெட்டாப்லோ என்றே சொல்வதால்தான் இந்தக் குழப்பம். பீடத்துக்குப் பின்னால் இருக்கும் பலகை என்பதுதான் அந்த ஸ்பானிஷ் சொல்லின் லத்தீன் மூலம், பெரிய கோயில்களில் பீடத்தின் பின்னே கூரை வரை எழும் பொன்முலாம் பூசிய அமைப்புக்கும் அதுவே பெயர். அந்தப் பெயர் அப்படியே இறங்கி ஒரு விவசாயி வீட்டு மூலைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

வந்து சேர வைத்தது தகரம். பழைய நாளில் செப்புத் தகட்டில் எண்ணெய் வண்ணத்தில் வரைவது வசதியானவர்களுக்கான வேலை. 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில், வெள்ளீயம் பூசிய இரும்புத் தகடு மலிவாகக் கிடைக்க ஆரம்பித்ததும் சகாதெகாஸ், குவானஹுவாதோ, ஹலிஸ்கோ பக்கம் சின்னச் சின்ன பட்டறைகள் முளைத்தன. தகட்டை வெட்டி, பெரும்பாலும் செங்காவி மாதிரி ஒரு அடிப்பூச்சு கொடுத்து, அச்சில் வந்த படத்தைப் பார்த்து மாதாவையும் புனிதர்களையும் வரைந்து தள்ளினார்கள். கையெழுத்துப் போடுகிற வழக்கமே இல்லை. பழைய படங்களில் வண்ணம் தேய்ந்த இடத்தில் அந்தச் சிவப்பு எட்டிப் பார்க்கும், ஓரத்தில் துருவும் மெழுகுப் புகையும் ஏறியிருக்கும். அதைத் துடைத்துப் பளபளப்பாக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும், அது அந்த வீட்டார் தினமும் ஏற்றிய விளக்கின் கறை.

அதிகம் வரையப்பட்டவர்களில் ஒருவர் ‘பாவிகளின் அடைக்கலம்’ மாதா. மாதா பிரார்த்தனையில் ‘பாவிகளுக்கு அடைக்கலமே’ என்று சொல்லி வளர்ந்தவர்களுக்கு அந்தப் பெயர் வீட்டுப் பெயர் மாதிரிதான் இருக்கும். அப்புறம் ‘வல்லமையுள்ள கை’ என்று ஒரு படம்: மேகத்திலிருந்து நிமிர்ந்து நிற்கும் ஒரு உள்ளங்கை, நடுவில் ஆணிக்காயம், ஐந்து விரல் நுனியிலும் குழந்தை இயேசு, மரியாள், சூசையப்பர், மரியாளின் பெற்றோர் அன்னம்மாள், சுவக்கீன் என்று குடும்பமே நிற்கும். காயத்திலிருந்து வழியும் இரத்தத்தை ஏழு ஆட்டுக்குட்டிகள் குடிப்பது போலவும் சில படங்கள் உண்டு. பிதா, சுதன், ஆவி மூவரையும் ஒரே முகமுள்ள மூன்று ஆட்களாக வரைவதை 1745-இல் போப் பதினான்காம் பெனடிக்ட் ஏற்க முடியாது என்று எழுதினார், மெக்சிகோவின் தகர ஓவியர்கள் அதற்கப்புறம் நூறு வருடத்துக்கும் மேல் அப்படியே வரைந்துகொண்டிருந்தார்கள். மூவரும் சமம் என்றால் முகமும் சமமாகத்தானே இருக்க வேண்டும் என்று தோன்றியிருக்கும், எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது.

19-ஆம் நூற்றாண்டு முடிவில் வண்ண அச்சுப் படம் வந்தது, தகரப் படத்தை வீட்டிலிருந்து மெல்ல வெளியேற்றிவிட்டது.

வரைந்தவர்களில் ஒருவர் பெயரும் தெரியாதா?
(சேலம் வாசகர்)

ஒருவர் பெயரைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். எர்மெனெகில்தோ புஸ்தோஸ், குவானஹுவாதோ மாநிலத்தில் பூரிசிமா தெல் ரின்கோன் என்ற சின்ன ஊர்க்காரர், 1832-இல் பிறந்து 1907-இல் இறந்தார். பிழைப்புக்கு ஐஸ் விற்றார், தச்சு வேலையும் பார்த்தார். ஊராருக்குக் காணிக்கைப் படங்கள் வரைந்தார், அவர்கள் முகங்களையும் சின்னத் தகரத்தில் வரைந்தார். ஒவ்வொரு சுருக்கமும், மருவும், நரைத்த முடியும் அப்படியே இருக்கும், யாரையும் அழகாக்கிக் காட்ட மாட்டார். 1891-இல் தன்னையே வரைந்துவிட்டுப் பின்பக்கம் எழுதி வைத்தார்: இந்த ஊர் இந்தியன் நான், 1832 ஏப்ரல் 13-இல் பிறந்தேன், முடிகிறதா என்று பார்க்க என்னை வரைந்துகொண்டேன் என்று. இந்தியன் என்று அவர் சொல்வது அந்த மண்ணின் பூர்வகுடி என்ற பொருளில். 59 வயதில், ஊரில் பாதிப் பேரை வரைந்து முடித்த கை, ‘முடிகிறதா என்று பார்க்க’ என்கிறது.

மெக்சிகோவில் குழந்தை இயேசுவுக்குச் செருப்பு காணிக்கை வைப்பார்களாமே, உண்மையா?
(தூத்துக்குடி வாசகி)

உண்மை. சகாதெகாஸ் மாநிலத்தில் ஃப்ரெஸ்னியோ பக்கத்தில் பிளாதெரோஸ் என்ற சுரங்க ஊர், அங்கே அட்டோச்சா குழந்தை இயேசு கோயில். தொப்பி, கூடை, தண்ணீர்க் குடுவை கட்டிய கோலுடன் சின்ன யாத்திரிகர் மாதிரி உட்கார்ந்திருப்பார். சிறையில் இருப்பவர்களுக்கும் வழி தவறியவர்களுக்கும் சாப்பாடு எடுத்துக்கொண்டு ராத்திரி முழுக்க நடப்பார், அதனால் செருப்பு தேய்ந்துவிடும் என்பது நம்பிக்கை. எனவே பிள்ளைச் செருப்புகள், விதவிதமாக, புதுசாக வாங்கி வைக்கிறார்கள். அந்தக் கோயிலில் காணிக்கைப் படங்களும் சுவர் சுவராக உண்டு.

வேளாங்கண்ணியில் வெள்ளியில் கண், கை, கால் செய்து வைப்போம். அங்கேயும் உண்டா?
(நாகப்பட்டினம் வாசகர்)

உண்டு, ‘மிலாக்ரோ’ என்று பெயர், அற்புதம் என்று அர்த்தம். விரல்நுனி அளவில் கண், கால், இதயம், மாடு, வீடு எல்லாம் கிடைக்கும். சொரூபத்தின் ஆடையிலோ பக்கத்துத் துணியிலோ குத்தி விடுவார்கள்.

அங்கே கோயிலைவிட வீட்டுப் பீடத்துக்குத்தான் மதிப்பு என்று படித்தேன். ஏன் அப்படி?
(கோயம்புத்தூர் வாசகி)

‘விட’ என்று சொல்ல மாட்டேன், இரண்டும் வேண்டும் அவர்களுக்கு. ஆனால் வீடு தனியாகத் தாங்க வேண்டிய காலம் ஒன்று வந்தது. 1926-இல் அதிபர் காயெஸ் அரசு திருச்சபை மீது கடுமையான சட்டங்களை அமல்படுத்தியது, பதிலுக்கு ஆயர்கள் ஜூலை கடைசியோடு கோயில்களில் பொது வழிபாட்டை நிறுத்திவிட்டார்கள். 1929 வரை, மூன்று வருடம், நாட்டின் பல பகுதிகளில் சண்டையும் நடந்தது. குருக்கள் ஒளிந்து வந்து வீடுகளுக்குள் திருப்பலி வைத்தார்கள். குரு வராத வீட்டில் பாட்டி செபமாலை சொன்னார், அலமாரி மேல் இருந்த தகரப் படமும் மெழுகுவர்த்தியும்தான் கோயில்.

அதற்கு ரொம்ப முன்பிருந்தே, பண்ணையிலும் மலைக் கிராமத்திலும் இருந்தவர்களுக்குக் குருவைப் பார்ப்பதே அபூர்வம், வீட்டிலேயே எல்லாம் பழகியிருந்தார்கள். இன்றும் பிப்ரவரி 2 அன்று வீட்டுக் குழந்தை இயேசு பொம்மைக்குப் புது உடை போட்டு, மடியில் வைத்துக் கோயிலுக்குத் தூக்கிப் போய் மந்திரித்துக்கொண்டு வருவார்கள். நவம்பர் தொடக்கத்தில் இறந்தவர்களுக்குப் படையல் போடும்போது வைக்கும் ஆரஞ்சுப் பூ, நம் செண்டுப்பூவேதான். அதற்குச் சொந்த ஊர் மெக்சிகோ.

இணையத்தில் பழைய ரெட்டாப்லோக்கள் விற்பனைக்கு வருகின்றன. ஒன்று வாங்கலாமா?
(சென்னை வாசகர்)

ஆசை புரிகிறது, எனக்கும் உண்டு. ஆனால் வாங்குவதற்கு முன் படத்தின் அடியைப் பாருங்கள். ஒரு பெயர், ஒரு ஊர், ஒரு தேதி, நன்றி என்று எழுதியிருந்தால் அது எவரோ ஒரு கோயில் சுவரில் மாட்டிய படம். அது அங்கிருந்து எப்படி உங்கள் திரைக்கு வந்தது என்று கேளுங்கள், பெரும்பாலும் நேரான பதில் வராது. இப்படிப் படங்கள் நிறையத் திருடு போயிருக்கின்றன, 2021-இல் இத்தாலி ஏறக்குறைய 600 காணிக்கைப் படங்களை மெக்சிகோவிடம் திருப்பிக் கொடுத்தது. நான் அதை வாங்க மாட்டேன், நீங்களும் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். அது கொடுத்து முடித்த கடன், அதை எடுத்து விற்க யாருக்கும் உரிமை இல்லை.

வீட்டுப் பீடத்துப் படம் என்றால்கூட எங்கிருந்து வந்தது என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள். இல்லையென்றால் புதிதாக வரைபவர்களிடம் போகலாம். மெக்சிகோ சிட்டியில் ஆல்ஃப்ரெடோ வில்ச்சிஸ் என்ற ஓவியர் இன்றைக்கும் தகரத்தில் இதை வரைகிறார், அவர் பிள்ளைகளும் வரைகிறார்கள். ஆபரேஷன், திருட்டு, மெட்ரோ ரயில், காதல் தோல்வி எல்லாம் அவர்கள் படங்களில் வந்துவிட்டது. உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள், தேதி மறக்காமல் சொல்லுங்கள், அடியில் எழுத வேண்டும்.