இருப்பதும் இருத்துவதும்

அன்புள்ள ஐயா,

ஆங்கிலம் படிக்க முயன்றுகொண்டிருக்கிறேன். ‘செட்’ என்ற வினைச்சொல்லில் மாட்டிக்கொண்டேன். கடிகாரத்தை செட் செய்கிறார்கள், சிமெண்ட் செட் ஆகிறது, புத்தகங்களும் ஒரு செட். ‘சேர்த்து’ என்ற தமிழ்ச்சொல்லில் இருந்துதான் இது போனது என்கிறார் நண்பர். உண்மையா? எனக்கு ஆங்கிலம் ஒழுங்கே இல்லாத மொழியாகத் தெரிகிறது.

கே.

அன்புள்ள கே,

நண்பர் சொன்னதை விட்டுவிடுங்கள். ஓசை ஒத்துப்போனால் உறவு என்பது சோம்பல். தமிழுக்கு அந்த இரவல் பெருமை தேவையில்லை.

ஆக்ஸ்போர்டு அகராதியின் 1989 பதிப்பில் மிக நீளமான பதிவே இந்த வினைதான், சுமார் 430 பொருள்கள். எண்ணிப் பயப்படாதீர்கள். பெரும்பாலானவை ‘அமர்த்து’ என்பதன் பிள்ளைகள். புத்தக செட் வேறு கதை: லத்தீன் ‘செக்டா’ பிரெஞ்சு வழியாக வந்து இதோடு கலந்தது.

ஆனால் ஒழுங்கில்லை என்கிறீர்களே, அதை என்னால் ஏற்கவே முடியாது. பள்ளியில் ‘ஸிட்’ எழுத வேண்டிய இடத்தில் ‘செட்’ எழுதியதற்காக முட்டியில் அடி வாங்கியவன் நான். அடித்தவர் ஒரே ஒரு வரி சொல்லியிருக்கலாம்: இரு என்றால் ஸிட், இருத்து என்றால் செட். நம் தன்வினை, பிறவினைதான். உருள், உருட்டு; ஓடு, ஓட்டு. நாம் மெய்யை வல்லினமாக இரட்டிக்கிறோம், அவர்கள் உயிரை மாற்றினார்கள். ஆங்கிலத்துக்கு உறவான பழைய கோதிக் மொழியில் செட்டின் வடிவம் ‘சத்யன்’. அந்த யகரம்தான் பிறவினை விகுதி. ஆங்கிலத்தில் அது முன்னால் நின்ற அகரத்தை எகரமாக இழுத்துவிட்டுத் தான் மறைந்துபோனது. காலடித் தடம் மட்டும் மிச்சம்.

ஃபால் என்றால் விழு, ஃபெல் என்றால் வீழ்த்து. மரத்தை வெட்டிச் சாய்ப்பதற்கு இன்றும் அதுதான் சொல். டிரிங்க் என்றால் குடி, டிரெஞ்ச் என்றால் புகட்டு. இன்று அதற்கு நனைப்பது என்று பொருள் சொல்கிறோம். ஆனால் கால்நடைக்கு வாய்வழியாக மருந்து புகட்டுவதை இப்போதும் டிரெஞ்ச் என்றுதான் சொல்கிறார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்னொன்று. ஸிட்டின் வேரும் சமஸ்கிருத ‘ஸத்’ வேரும் ஒன்றுதான். உபநிஷத்தில் இருப்பது அந்த ‘அமர்தல்’. பறவைக்கூட்டைக் குறிக்கும் ‘நெஸ்ட்’டும் அதே வேர்தான், கீழே அமரும் இடம்.

சரி, லை, லே இரண்டும் குழப்புகிறது என்று அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள், கோபம் வரும். கிட, கிடத்து. அவ்வளவுதான்.